மூணரை நிமிஷம்

"புத்தகத்துல என்ன வேணா எழுதுங்கக்கா. அந்த மூணரையை மட்டும் விட்டுடுங்க."

வாசலில் நின்றபடியே இதைச் சொன்னான் மூணரை. உள்ளே வரச் சொன்னதற்குக் கையெல்லாம் கிரீஸ் என்றான். கை என்னவோ சோப்பு மணக்கச் சுத்தமாகத்தான் இருந்தது. ஐம்பத்தைந்து வயதுக்காரனை, சொந்த ஒர்க்‌ஷாப் வைத்து நான்கு பேருக்கு வேலை கொடுக்கிறவனை, அவன் இவன் என்று எழுதுவது மரியாதையில்லைதான். ஆனால் பென்சிலக்காவின் கண்ணுக்கு அவன் பத்தொன்பது வயதில் பந்தயத் திடலில் பெட்ரோல் கேனோடு ஓடியவன். அதற்கப்புறம் அவனுக்கு வயதே ஏறவில்லை.

பென்சிலக்கா என்பதும் பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. தேசிய ஸ்போர்ட்ஸ் கார் பட்டத்துக்கான பந்தயங்களில் இருபத்திரண்டு வருஷம் சுற்றுக்கணக்கு எழுதியவள் அவள். எந்த வண்டி எத்தனையாவது சுற்றை எந்த நிமிஷம், எந்த விநாடியில் முடித்தது என்று பெரிய தாளில் கட்டம் கட்டமாகப் போட வேண்டும். லேப் சார்ட் என்பார்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் ஜெயித்தவன் யார், தோற்றவன் யார் என்பதை அந்தத் தாள்தான் சொல்லும். கொண்டையில் ஒரு பென்சில், காதில் ஒரு பென்சில், கையில் ஒரு பென்சில் என்று அவள் முடிவுக்கோட்டுக்கு எதிரே இருந்த டவரில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஓட்டுகிறவர்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. "பென்சில் எழுதினா தலையெழுத்து மாதிரி, அழிக்க முடியாது" என்று பேச்சு. அவளுக்கும் அதில் பெருமைதான். இல்லை என்று நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

பட்டத்துக்கு இந்த வருஷம் நாற்பத்தைந்து வயது. அதன் வரலாற்றை எழுதித் தரச் சொல்லி பந்தயச் சங்கத்துச் செயலாளர் வீடு தேடி வந்து கேட்டிருந்தார். தொண்ணூறு பக்கம் எழுதிவிட்டாள். முதல் வருஷம் கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் தார் டிரம்களை வைத்து வளைவு அமைத்ததும், ஓடிய ஐந்து வண்டிகளில் நான்கு வழியிலேயே படுத்துவிட, ஐந்தாவது ஆள் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து கோட்டைத் தாண்டி முதல் சாம்பியன் ஆனதும் அதில் இருந்தது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இரண்டு இருக்கை இருக்க வேண்டும் என்ற விதிக்கு, ஒரு புத்திசாலி சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் முடுக்கிவிட்டு "இதுவும் இருக்கைதானே" என்று நடுவர்களோடு மல்லுக்கு நின்றான். மறு வருஷம் விதிப் புத்தகத்தில் "முக்காலி இருக்கை ஆகாது" என்று ஒரு வரி ஏறியது. இன்றைக்கும் அந்த வரி இருக்கிறது.

எல்லாவற்றையும்விட ருசியான அத்தியாயம் 'மூணரை நிமிஷம்'தான்.

முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. வருஷத்தின் கடைசிப் பந்தயம், ஐம்பது சுற்று. அதுவரை சேர்த்த புள்ளிகளில் இரண்டு பேர் சரிசமம். யார் முன்னால் வருகிறாரோ பட்டம் அவருக்கு. ஒருவர் பல் டாக்டர். கிளினிக்குக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் தம்பியோடு சேர்ந்து தானே கட்டிய வண்டி அவருடையது. பாதிப் பந்தயத்தில் பெட்ரோல் போட ஒதுங்கினார். வண்டிகள் ஒதுங்குகிற அந்த இடத்துக்கு பிட் என்று பெயர். அங்கே தம்பி பெட்ரோல் ஊற்றி முடிக்க மூணரை நிமிஷம் ஆனது, பட்டம் பறிபோனது. அன்றைக்கே அந்தத் தம்பிக்குப் பெயரும் வைத்தாயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவன் ஒர்க்‌ஷாப்புக்கு வழி கேட்டால்கூட "மூணரை கடையா?" என்பார்கள்.

அந்த வருஷம் சாம்பியன் ஆன இன்னொருவர் யார் என்று கேட்பீர்கள். பென்சிலக்காவின் வீட்டுக்காரர். கல்யாணம் மறு வருஷம்தான் நடந்தது. இப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அன்றைக்கு இருநூறில் பறந்தவர், இன்றைக்கு "கிளட்சை மெதுவா விடுங்கம்மா, மெதுவா" என்று இருபதில் ஊர்ந்துகொண்டிருக்கிறார். ஆனால் தெருவில் அத்தனை பேருக்கும் அவர் சாம்பியன்.

"எழுதாம எப்படிடா?" என்றாள் பென்சிலக்கா. "ஊருக்கே தெரிஞ்சது."

"ஊருக்குத் தெரிஞ்சது பொய்க்கா. நான் ஒரு நிமிஷம் பத்து விநாடியில ஊத்தினேன். மனசுக்குள்ள எண்ணிக்கிட்டேதான் ஊத்தினேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே! அண்ணனுக்குச் சுற்றுக் கணக்கு காட்ட நான் பிடிச்ச போர்டுல ஐம்பது. உங்க டவர்ல நாற்பத்தொன்பதுன்னாங்க. புகார் கொடுக்க அரை மணி நேரம் இருந்துச்சு. அண்ணன் ஃபாரத்தைக்கூட எழுதிட்டார். அப்புறம் கிழிச்சுப் போட்டுட்டார்."

"ஏன்?"

"'டவர்ல இருக்கிற பொண்ணு கணக்கு தப்பாதுடா, நீதான் தூங்கிட்டே'ன்னார்." தலையைக் குனிந்துகொண்டான். "என் பேத்தி பள்ளிக்கூடத்துல படிக்கிறாக்கா. அச்சுல வந்தா அவளும் படிப்பா."

அவன் போன பிறகு பென்சிலக்காவுக்குக் கோபம்தான் வந்தது. முப்பத்தாறு வருஷம் கழித்து வாசலில் வந்து நின்று, உன் கணக்கு தப்பு என்கிறானே! அன்றைய பந்தயத்தின் தாளைப் போட்டோ எடுத்து அவன் போனுக்கே அனுப்பிவிடுவது என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

தாள் பழுத்துப் போயிருந்தது. பதினேழாம் எண், பல் டாக்டர் வண்டி. சுற்றுக்கு இரண்டேகால் நிமிஷம், இரண்டேகால் நிமிஷம் என்று கடிகாரம் மாதிரி ஓடியிருக்கிறார். இருபத்தேழாவது கட்டத்தில் மட்டும் ஐந்து நிமிஷம் நாற்பது விநாடி. சுற்றுக்கான இரண்டேகாலைக் கழித்தால் மிச்சம் மூன்று நிமிஷம் இருபத்தைந்து விநாடி. அதைத்தான் ஊர் மூணரையாக்கியது. இதோ இருக்கிறதே, கல்லில் பொறித்த மாதிரி! போனை எடுத்தவள், சும்மா விளையாட்டுக்கு, அவன் சொன்ன ஒன்று பத்தையும் கழித்துப் பார்த்தாள்.

ஐந்து நாற்பதில் ஒன்று பத்து போனால் நான்கரை. நான்கரை என்றால் இரண்டு இரண்டேகால்.

இரண்டு சுற்று.

அப்படியே தரையில் உட்கார்ந்து தாளின் தலைப்பைப் பார்த்தாள். '17, பிட் 12' என்று அவள் கையெழுத்தே சொன்னது. அந்த வருஷம்தான் பதினொன்று, பன்னிரண்டு என்று புதிதாக இரண்டு பிட் கட்டியிருந்தார்கள். பழைய பத்தும் முடிவுக்கோட்டுக்கு முன்னால் இருந்தன. புதிய இரண்டும் கோட்டைத் தாண்டி.

பழைய பிட் என்றால் வண்டி முதலில் நிற்கும், பெட்ரோல் போடும், வெளியே போகும்போதுதான் கோட்டைத் தாண்டும். அதனால் ஒரு வண்டி ஒதுங்கினால் கணக்கு எழுதுகிறவளுக்கு ஒரு நிமிஷம் ஓய்வு. வேறு பக்கம் பார்க்கலாம். பன்னிரண்டாம் பிட்டுக்குப் போகிற வண்டியோ உள்ளே நுழையும்போதே கோட்டைத் தாண்டிவிடும். அதை அப்போதே எழுத வேண்டும். பதினேழு ஒதுங்கியதை அவள் பார்த்தாள். பழக்க தோஷத்தில், இனி ஒரு நிமிஷம் இருக்கிறது என்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அந்த வண்டி கோட்டைத் தாண்டியதை எழுதவில்லை; அது அடுத்த சுற்றையும் முடித்து வந்தபோதுதான் இருபத்தேழு என்று எழுதினாள்.

எதைப் பார்க்கத் திருப்பினாள் என்பதும் தாளிலேயே இருந்தது. நாலாம் எண்ணுக்கு நேரே, அதே நிமிஷத்தில், பொடி எழுத்தில் 'சுழன்றது' என்று ஒரு குறிப்பு. நாலாம் எண் வண்டி வளைவில் வழுக்கிப் பம்பரமாய்ச் சுழன்று புல்லில் போய் நின்றது. ஓட்டியவர் இறங்காமல் அசையாமல் இருந்தார். மறுபடி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகுதான் அவளுக்குப் போன உயிர் வந்தது. அந்த நாலாம் எண்காரர்தான் காலையில் டவர் படியருகே நின்று, "என் சுற்றையெல்லாம் ஒழுங்கா எண்ணுங்க" என்று சிரித்துவிட்டுப் போனவர். அவர்தான் இப்போது டிரைவிங் ஸ்கூலிலிருந்து சாப்பிட வந்துகொண்டிருப்பவர்.

கடைசிக் கட்டத்தையும் பார்த்துவிட்டாள். பல் டாக்டரின் 'நாற்பத்தொன்பதாவது' சுற்று, நாலாம் எண்ணின் ஐம்பதாவதுக்கு இருபது விநாடி முன்னால் முடிந்திருந்தது. விட்டுப்போன ஒன்றைச் சேர்த்தால் அதுதான் ஐம்பதாவது. பட்டம் பல் டாக்டருடையது.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது இதுதான் போலும். தன் பெயர் போவது ஒரு பக்கம். வீட்டு மனிதருடைய பட்டத்தை எப்படிக் கேட்டு வாங்குவது?

சுற்றி வளைக்கத் தெரியாதவள். அவர் கை கழுவிவிட்டு உட்கார்ந்ததும் தாளை விரித்துச் சொல்லிவிட்டாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே கழித்துப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார்.

"விடு. இத்தனை வருஷம் கழிச்சு யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"ஊர் என்ன சொல்லும் தெரியுமா? கட்டிக்கப் போறவனுக்காகக் கணக்கை மாத்திட்டாள்னு சொல்லும்."

"சொல்லும். தெருவுல தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஆனா ஒருத்தன் முப்பத்தாறு வருஷமா என் தப்பைத் தன் பேரா சுமக்கிறானே!"

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். "எனக்கு வாழ்க்கையில இருக்கிறது அது ஒண்ணுதான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவர் மெதுவாகச் சொன்னார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு நாள் அந்த வீட்டில் "உப்பு", "சாவி", "போன்" தவிர வேறு வார்த்தை இல்லை. கூடத்து அலமாரியில் பட்டத்தின் சின்னக் கோப்பை வழக்கம்போல் நின்றது. இருவரும் அதைப் பார்க்காமலே நடந்தார்கள். அவள் எழுத உட்காரவும் இல்லை. 'மூணரை நிமிஷம்' என்ற தலைப்புக்குக் கீழே பேனா வைக்கக் கூசியது. மூன்றாம் நாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

"ஒண்ணு பத்துங்கிறது அவன் வாய் சொல்றது. இருபது லிட்டர் கேன் ரெண்டு, புனல் வச்சு, ஒண்ணு பத்துல எவனும் ஊத்த முடியாது. நான் போடாத பெட்ரோலா? ஊத்திக் காட்டச் சொல்லு. காட்டிட்டா நான் வாயைத் திறக்கல. காட்டலைன்னா தாள் பெட்டிக்குள்ள போகுது."

"சரி" என்றாள். நியாயம்தான் என்று பட்டது. அவன் தோற்றுப்போகட்டும் என்றும் ஒரு ஓரத்தில் பட்டது. அதற்காகத் தன்மேலேயே எரிச்சலும் பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒர்க்‌ஷாப்பில் வேலைக்காரர்கள் யாரும் இல்லை. பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் அந்தப் பழைய பதினேழாம் எண் வண்டி இருந்தது. அண்ணன் விற்கவும் இல்லை, ஓட்டவும் இல்லை. அவரும் வந்திருந்தார். எழுபதைத் தாண்டியும் பேசுகிறவர்களின் கண்ணைப் பார்க்காமல் பல்லைப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. எதற்காக வரச் சொன்னார்கள் என்று அவருக்குத் தெரியாது. தம்பி பெட்ரோல் ஊற்றிக் காட்டப் போகிறான் என்றதும் முகம் சுருங்கியது.

"இப்ப எதுக்கு இந்தக் கூத்து?"

"ஒரு சந்தேகம் சார்" என்றார் சாம்பியன்.

பெட்ரோலுக்குப் பதில் தண்ணீர். கேன்கள் இரண்டும் சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன, அதே பழைய கேன்கள். சாம்பியன் ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயோரமாய் உள்ளே ஒரு மெல்லிய குழாய் பற்றவைத்திருந்தது.

"இது என்ன?"

"காத்துக் குழாய். தண்ணி வெளியே வர வர இது வழியா காத்து உள்ளே போகும். உங்க கேனெல்லாம் குளக் குளக்னு விக்கிக்கிட்டே ஊத்தும்ல? இது விக்காது. நானே பத்தவச்சேன்."

சாம்பியன் குழாயில் ஒருமுறை ஊதிப் பார்த்தார். கேனைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டிலும் தண்ணீர் நிரம்பியதும், பென்சிலக்காவின் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்ச்சைக் கழற்றிக்கொண்டார். "நான் பிடிக்கிறேன். பென்சில் மேல எனக்கு இப்ப நம்பிக்கை கொஞ்சம் குறைவு" என்றார். தாளைப் பார்த்த நாளுக்கப்புறம் அவர் பேசிய முதல் நக்கல் அது. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

புனலை அண்ணன் பிடித்துக்கொண்டார். அன்றைக்குப் பிடித்த மெக்கானிக் இப்போது இல்லை.

"போ!"

மூணரை ஓடினான். முட்டி வலிக்காரன் ஓட்டம்தான், ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து. ஆனால் கேன் தோளுக்கு ஏறியதும் அவன் வேறு ஆளாகிவிட்டான். ஒரு கை அடியில், ஒரு கை கழுத்தில், கவிழ்த்தான். தண்ணீர் விக்காமல் திக்காமல் ஒரே கயிறாக இறங்கியது. உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. காலிக் கேனைப் பின்னால் உருட்டிவிட்டு இரண்டாவதைத் தூக்கும்போது கால் ஒருமுறை மடங்கியது. பென்சிலக்கா தன்னையறியாமல் "பாத்துடா!" என்றாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தான். கடைசிச் சொட்டு இறங்கியதும் மூடியைத் திருகி வண்டியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான்.

சாம்பியன் பொத்தானை அழுத்தினார். முள் என்ன காட்டியது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். இரண்டரை என்று சொல்லியிருந்தால்கூட அந்த இடத்தில் மறுத்துப் பேச ஆள் இல்லை. கட்டைவிரலைச் சற்று அசைத்தால் முள் பூஜ்யத்துக்குப் போய்விடும். முப்பத்தாறு வருஷமாகத் தெரு கூப்பிட்ட பெயர் அப்படியே இருக்கும்.

அவர் கட்டைவிரலை எடுத்துவிட்டார்.

"ஒண்ணு பதினாறு" என்றார். பிறகு கொஞ்சம் சத்தமாக, "இந்த வயசுல. இந்த முட்டியோட. அன்னிக்கு ஒண்ணு பத்து நிச்சயம்."

பென்சிலக்கா தாளை வண்டியின் முன்பக்கத்தில் விரித்தாள். இருபத்தேழாவது கட்டத்தையும் பன்னிரண்டாம் பிட்டையும் காட்டி, தான் எந்த நேரம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்றாள். "தப்பு என்னுதுதான் டாக்டர். உங்க பட்டத்தையும் இவன் பேரையும் நான்தான் கெடுத்தேன்."

பல் டாக்டர் புனலைக் கீழே வைத்தார். பட்டத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் பட்டத்தைக் கேட்கவே இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறவனை நோக்கி நடந்தார்.

"தம்பி" என்றார்.

மூணரை நிமிர்ந்து பார்த்தான். அண்ணன் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருஷம்! அவரும்தான் ஊரோடு சேர்ந்து மூணரை என்று கூப்பிட்டவர். ஊருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

"நீ சொன்னதை நான் நம்பலடா. காகிதத்தை நம்பினேன்."

"காகிதம் நல்ல கையெழுத்துல இருந்துச்சுண்ணே" என்றான் தம்பி. சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. தலையில் போட்டிருந்த துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு தேம்பினான். பல் டாக்டர் ஈரக் கையாலேயே அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து சாம்பியன்தான் பேச்சை எடுத்தார். "இப்ப பட்டம்?"

"கோப்பையில பேரை மாத்தணும்னா சங்கம் கூடணும். செயலாளர்கிட்ட நானே பேசறேன்" என்றாள் பென்சிலக்கா. "லேப் சார்ட்டைத் திருத்த யாரும் கூட வேண்டாம். அதுக்கு முறை இருக்கு. அழிக்கக் கூடாது. பழைய எழுத்து தெரியற மாதிரி ஒரே ஒரு கோடு, பக்கத்துல சிவப்புல சரியான கணக்கு, கீழே ரெண்டு கையெழுத்து. எழுதினவளும், அவ சொல்றது நிஜம்னு தெரிஞ்ச இன்னொருத்தரும்."

கொண்டையிலிருந்து பென்சிலை உருவவில்லை. பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'ஐந்து நாற்பது' மேல் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் 'சுற்று 27, சுற்று 28, பிட்டில் ஒரு நிமிஷம் பத்து விநாடி' என்று எழுதினாள். எழுத்து கோணவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். அன்றைக்கு டவரில் அவளோடு இருந்த பெண் எந்த ஊரில் இருக்கிறாளோ, தெரியாது.

"ரெண்டாவது கையெழுத்துக்கு எங்கே போறது?" என்றாள்.

சாம்பியன் பேனாவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நான் போடறேன்" என்றார். "அந்த நிமிஷம் நீ பிட்டைப் பார்க்கலங்கிறதுக்கு ஒரே சாட்சி நான்தான். புல்லுல உட்கார்ந்து உன்னையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன்."